ஆலங்காடும் வேற்காடும்

அம்பத்தூரிலிருந்து அரக்கோணத்துக்கு ரெயிலில் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டேஷன் பலகைகளைப் படிப்பதில்லை. தாம் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒரு நாளைக்காவது, கையிலுள்ள பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அந்தப் பலகைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு போகும்படி நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம். முதலில் திருமுல்லைவாயில் வரும். அது முல்லைக் கொடியின் ஊர். பிறகு வேப்பம்பட்டு, அது வேம்பின் ஊர். திருவள்ளூரைத் தாண்டினால் கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், திருவாலங்காடு என்று கடம்பும் பனையும் ஆலும் வரிசையாக வந்து நிற்கும். அரக்கோணத்தை நெருங்குகையில் புளியமங்கலம். பாதையை விட்டுத் தெற்கே வந்தால் திருவேற்காடு. வேல மரங்கள் அடர்ந்த காடு என்பது பொருள். அங்குள்ள வேதபுரீசுவரர் கோயிலின் தல விருட்சமும் வெள்வேலே. அதற்குத் தென்மேற்கில், பூவின் பெயரைத் தாங்கிப் பூவிருந்தவல்லி இருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரெயில் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்தப் பாதையில்தான். ஆனால் பெயர்கள் ரெயிலைவிட மிக மிகப் பழமையானவை. முல்லைவாயிலும் வேற்காடும் ஆலங்காடும் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள். நம் முன்னோர்கள் ஓர் இடத்துக்குப் பெயரிடும்போது அங்கே எது மிகுந்திருந்தது என்று பார்த்து, அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வேற்காட்டில் வேல் மிகுந்ததும், ஆலங்காட்டில் ஆல் மிகுந்ததும் எப்படி? அந்தக் காட்டில் ஆயிரம் மரங்கள் இருந்தன என்று வைத்துக்கொண்டால், அவை ஆயிரம் குடும்பங்களா, அல்லது ஒரே குடும்பத்தின் ஆயிரம் பிள்ளைகளா? வேடிக்கைக் கேள்வி போலத் தோன்றினாலும், இன்று நாம் வாசலில் நடும் கன்றின் பேரப்பிள்ளைகள் பிழைக்குமா என்பது இதற்குரிய விடையைப் பொறுத்தது.

இரண்டு பிரயாணங்கள்

மரம் நடக்காது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆயினும் மரத்தின் வம்சம் நடக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரண்டு தடவை அது வெளியூர்ப் பிரயாணம் செய்கிறது. முதல் பிரயாணம் மகரந்தத் தூளாக. காற்றோ, தேனீயோ, வண்டோ, வௌவாலோ அந்தத் தூளை ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்குக் கொண்டு போகின்றன. இரண்டாவது பிரயாணம் விதையாக. பழத்தைத் தின்ற பறவையோ, காயை விழுங்கிய ஆடோ, மழை வெள்ளமோ, மனிதன் கையோ விதையை வேறிடத்தில் கொண்டு போய்ப் போடுகின்றன.

இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மகரந்தம் தகப்பனுடைய பங்கை மட்டும் சுமந்து போகிறது. அது சேருமிடத்தில் ஒரு தாய்மரம் ஏற்கெனவே பூத்து நிற்க வேண்டும். இல்லையேல் அந்தப் பிரயாணம் வியர்த்தம். விதையோ தாயின் பங்கு, தகப்பனின் பங்கு இரண்டையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு புறப்படுகிறது. மரமே இல்லாத வெறும் பூமியில் போய்க் குடியேற வல்லது விதை ஒன்றுதான்.

விதை தூரம் போகாமல் தாயின் காலடியிலேயே விழுந்து முளைத்தால் என்ன ஆகும்? ஒரு தெருவில் வரிசையாக உள்ள வீடுகள் அனைத்திலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் குடியிருப்பது போலாகும். கிட்ட நிற்கும் மரங்கள் நெருங்கிய உறவாகவும், தள்ளிப் போகப் போக அந்நியமாகவும் இருக்கும். ஆகவே, ஒவ்வொரு காட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறவுப் படம் வரைந்து வைத்திருக்கிறது. அந்தப் படத்தை இன்று விஞ்ஞானிகள் மரபணுக்களைக் கொண்டு படிக்கிறார்கள். ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஓர் இலையைக் கிள்ளி வந்து, அதன் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தால், எது எதற்குப் பிள்ளை, எது எதற்குத் தாயாதி என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரு நயமான உபாயமும் இருக்கிறது. வேப்பங்கொட்டையை எடுத்துக் கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பருப்புத்தான் பிள்ளை. அதைச் சுற்றியுள்ள கெட்டி ஓடு பிள்ளையினுடையதன்று, தாயின் உடம்பிலிருந்து வந்தது. ஆகையால், எங்கோ வழியில் கிடக்கும் கொட்டையின் ஓட்டைச் சோதித்தால் அதன் தாய்மரம் எதுவென்று கண்டுபிடிக்கலாம். பருப்பைச் சோதித்தால் தகப்பனையும் தேடலாம். பிறந்த ஊர்ச் சீட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டே விதை பிரயாணம் செய்கிறது என்று சொல்லலாம்.

ஓக் மரத்தின் கணக்கு

இந்த ஆராய்ச்சி மிக விரிவாக நடந்திருப்பது ஓக் மரத்தைப் பற்றி. நம் பக்கத்தில் ஓக் கிடையாது. இமயமலைச் சரிவுகளில் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது நம் ஊர்ப் புளியைப் போலப் பிரசித்தமானது. அதன் கொட்டை கனமானது, காற்றில் பறக்காது, கிளையிலிருந்து விழுந்தால் காலடியில்தான் விழும்.

கிளெமென்ட் ரீட் என்ற ஆங்கிலேயர் 1899-இல் ஒரு கணக்குப் போட்டார். பனியுகத்தில் குளிர் தாங்காமல் தெற்கே பின்வாங்கிய ஓக் மரம், பனி விலகிய பின் பிரிட்டனின் வடகோடி வரையில் திரும்பி வந்து சேர ஏறக்குறைய 600 மைல் கடந்திருக்க வேண்டும். கொட்டை தானாக உருண்டு விழும் தூரத்தை வைத்துப் பார்த்தால், இதற்குப் பத்து லட்சம் வருஷம் போல ஆகும். பனி விலகியோ பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷங்கள்தாம் ஆகின்றன! எனவே, யாரோ தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. அந்த 'யாரோ'க்களில் முக்கியமானது 'ஜே' என்ற பறவை. நம் காக்கைக்குச் சொந்தக்காரன். குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டி, ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளை அது தூரமாய்க் கொண்டு போய் மண்ணில் ஒவ்வொன்றாகப் புதைக்கிறது. எடுக்காமல் விட்டவை மரமாகின்றன.

பறவை என்றால் எல்லாம் ஒரே மாதிரி கலந்து வைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கலிபோர்னியாவில் ஒரு வகை மரங்கொத்தி இருக்கிறது. அது கூட்டுக் குடும்பமாக வாழ்வது. ஒரு பெரிய மரத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் குடைந்து, துளைக்கு ஒரு கொட்டையாகச் சொருகிக் களஞ்சியம் கட்டும். பக்கத்துக் குடும்பம் வந்தால் சண்டை போட்டு விரட்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டோரியா சோர்க் என்ற அம்மையாரும் அவரது சகாக்களும் 2005-இல் இந்தக் களஞ்சியங்களிலிருந்த கொட்டைகளின் ஓட்டைச் சோதித்து வெளியிட்ட முடிவு சுவையானது. ஒவ்வொரு களஞ்சியத்திலும் இருந்தவை அருகிலுள்ள ஒரு சில தாய்மரங்களின் கொட்டைகளே. அடுத்த களஞ்சியத்தின் தாய்மரங்கள் வேறு. வேலி கட்டி வாழும் பறவையின் கையில் விதையும் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது.

சுமப்பவன் எப்படியோ, காட்டின் உறவும் அப்படியே. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம்.

வேம்பும் வௌவாலும்

வேம்பு பங்குனி சித்திரையில் பூக்கிறது. ஆனி ஆடியில் பழுக்கிறது. பழுத்தவுடன் காக்கை, குயில், மைனா எல்லாம் வந்துவிடும். பொழுது சாய்ந்தால் பழந்தின்னி வௌவாலின் முறை. அது மரத்திலேயே உட்கார்ந்து தின்பதில்லை. ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு தன் உணவு மேடைக்குப் பறந்து போய், சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். திரும்பி வந்து இன்னொன்று எடுக்கும். காய்ந்த ஓலைகள் தொங்கும் பனைமரத்தின் கழுத்து இந்த வௌவாலுக்கு மிகப் பிடித்தமான வீடு.

சென்ற ஆடி மாதத்தில், நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆவடிப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு பையன் பனையடியில் நின்றுகொண்டு, "ஸார், இங்கே வேப்பமரமே இல்லை, இத்தனை வேப்பங்கன்று எப்படி வந்தது?" என்று கேட்டான். மற்றொருவன் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஸார், மேலே வௌவால் இருக்கிறது" என்றான். கேள்வியும் விடையும் பிள்ளைகளிடமிருந்தே வந்துவிட்டதால் ஆசிரியருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

பனையடியில் முளைத்த அந்தக் கன்றுகளுக்கும், தாய் வேம்பின் காலடியில் முளைத்த கன்றுகளுக்கும் பார்வைக்கு வித்தியாசம் இராது. உறவில்தான் வித்தியாசம். தாயடியில் உள்ளவை எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். பனையடியில் உள்ளவையோ, அந்த வௌவால் பல மரங்களை நாடிய வௌவாலாயின், பல தாய்களின் பிள்ளைகள். அதோடு, தாயடியில் முளைத்தவற்றுக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. ஒரே இனத்து நாற்றுகள் ஓரிடத்தில் குவிந்தால், அந்த இனத்தையே தின்னும் பூச்சியும் அழுகல் நோயும் அங்கே விருந்து கொண்டாடுகின்றன. அமெரிக்க விஞ்ஞானி ஜான்சன் 1970-லும், கானெல் 1971-லும் தனித்தனியே இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். தாயைவிட்டு விலகிப் போன பிள்ளை பிழைத்துக் கொள்கிறது என்பது மரங்களின் உலகில் பல இடங்களில் காணப்பட்ட உண்மை.

ஆலின் தூதர்கள்

ஆலின் கதை இதிலும் விசித்திரமானது. ஆலம்பழம் என்று நாம் சொல்வது உண்மையில் உட்புறம் திரும்பிய ஒரு பூங்கொத்து. அதற்குள் நுழைந்து மகரந்தம் சேர்ப்பதற்கென்றே ஒரு சின்னஞ்சிறு குளவி இருக்கிறது. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு குளவி. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. அதன் ஆயுள் ஓரிரண்டு நாள். இத்தனை அற்பமான ஜந்து எவ்வளவு தூரம் போய்விடும் என்று நாம் கேட்கலாம். தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீபியப் பாலைவனத்தில் ஆற்றோரமாக நிற்கும் காட்டத்தி மரங்களை ஆராய்ந்து 2009-இல் இதற்கு விடை கண்டார்கள். காற்றின் மேல் ஏறி அந்தக் குளவிகள் 160 கிலோமீட்டர் வரையில் மகரந்தத்தைக் கொண்டு போயிருந்தன! ஏறக்குறைய சென்னைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தூரம். ஆலும் அந்த அத்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

விதையை எடுத்துச் செல்வோர் மைனா, குயில், காக்கை, வௌவால் முதலானோர். எச்சத்தோடு விழும் விதை மதில் இடுக்கிலும் கோபுரத்திலும் பனையின் மட்டைக் கக்கத்திலும் முளைக்கிறது. பனையைத் தழுவி நிற்கும் ஆலை நம் பக்கத்துக் கிராமங்களில் காணாதவர் இல்லை. ஒரே பனையின்மேல் பல விதைகள் விழுந்து முளைத்தால், அவற்றின் வேர்கள் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் ஒரே மரம் போல ஆகிவிடுவதும் உண்டு. பனாமா நாட்டில் இவ்வாறு வளரும் அத்தி இனங்களைச் சோதித்தபோது, ஒரு மரம் என்று எண்ணியது பல மரங்களின் கூட்டு என்று தெரிந்தது. இது 1991-இல் வெளியான ஆராய்ச்சி.

இதற்கு நேர் எதிரான காட்சியும் ஆலில் உண்டு. ஹௌராத் தாவரத் தோட்டத்து மகா ஆலமரத்தின் நடுமரத்தை, பூசணம் பிடித்ததால், 1925-இல் அப்புறப்படுத்தி விட்டார்கள். அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலின் நடுமரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது. இரண்டிலும் விழுதுகள் ஊன்றி நின்று காடு போல் பரந்திருக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குத் தோப்பு. உண்மையிலோ ஒரே உயிர். ஆகவே ஆலங்காடு என்ற பெயரைக் கேட்டால், பல குடும்பம் ஒரு மரமானதா, ஒரு மரம் பல குடும்பம் போல் நின்றதா என்று இரண்டு விதமாகவும் யோசிக்க இடமிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் காட்டை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

வேலும் கிடையும்

வேல மரத்துக்கு இறகுள்ள தூதர்கள் தேவையில்லை. அதன் நெற்று ஆடுகளுக்குப் பிரியமான தீனி. விதையின் மேல்தோல் கெட்டியானது. ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தாலும் பல விதைகள் கெடுவதில்லை. இரவில் பட்டியில் படுத்து அசைபோடும்போது ஆடு சில விதைகளைத் துப்பிவிடும்; சில புழுக்கையோடு வெளியே வரும். வயிற்றின் சூட்டிலும் ஈரத்திலும் ஊறி வந்த விதை சுலபமாக முளைக்கிறது. பட்டியில் கூட்டிய வேல விதையை நாற்றுக்கு எடுப்பது பழைய வழக்கம்.

நெல் அறுத்த வயலில் எருவுக்காகக் கிடை போடுவதைத் திருவேற்காட்டு வட்டாரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிடை இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல் என்று நகர்ந்துகொண்டே போகும். பகலில் பத்து மரத்தடியில் மேய்ந்த மந்தை, இரவில் ஓரிடத்தில் விதைகளைச் சேர்த்துக் கலக்கிப் போட்டுவிட்டு நகரும். வேண்டுமென்று செய்தாலும் இதைவிட நன்றாகக் கலக்க முடியாது. வேற்காடுகள் பரவியதில் இடையர்களுக்கும் பங்குண்டு என்றால் மிகையாகாது.

அதே உபாயத்தைக் கொண்டுதான் சீமைக் கருவேலும் பரவிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுக்கு வந்த அம்மரம், நம் ஆட்டையும் மாட்டையுமே வாகனமாகப் பிடித்துக்கொண்டு ஏரிப் புறம்போக்குகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தூதனுக்கு நன்மை தீமை தெரியாது, கொடுத்ததைச் சுமப்பான்.

பனையும் மல்லிகையும்

சுமப்பார் இல்லாத மரம் பனை. பனம்பழம் தொப்பென்று தாயடியில் விழும். அதைத் தூக்கிப் போகும் வல்லமை நம் ஊரில் மனிதனுக்குத்தான் உண்டு. ஏரிக்கரையில் வரிசையாகப் பனை நிற்கிறதென்றால், எவரோ ஒரு முப்பாட்டனார் கூடையில் கொட்டைகளைச் சுமந்து வந்து ஊன்றினார் என்று அர்த்தம். ஒரே மரத்தடியில் பொறுக்கிய கூடையானால் வரிசை முழுவதும் உடன்பிறப்புகள். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பாளை விடும் வரையில் எது எதுவென்று தெரியாது. ஆகவே வம்சம் தழைக்க, ஒரு சில மரங்கள் போதவே போதா.

பூவிருந்தவல்லிக்குப் பெயரளித்த மல்லிகையின் நிலைமை வேறு. தோட்டத்துக் குண்டுமல்லிகை விதையால் பெருக்கப்படுவதில்லை. தண்டை வெட்டி நட்டும் பதியன் போட்டும் பெருக்குகிறார்கள். ஒரு கொடியின் தண்டே நூறு தோட்டங்களில் வேரூன்றுகிறது. நூறு செடியும் ஒரே உயிரின் நூறு துண்டுகள். பூச்சூடுகிறவர்களுக்கு இது நல்லதே. நேற்று வாங்கிய பூவின் மணம் இன்றும் மாறாது. ஆனால் ஒரு நோய் வந்து ஒரு செடியை வென்றுவிட்டால், மற்ற தொண்ணூற்றொன்பதும் அதே வழியில் தோற்கும்.

உறவு நெருங்கினால்

உறவு நெருங்கினால் என்ன கெடுதி என்று கேட்பவர் இருக்கலாம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்து வாழ்ந்த நாடு அல்லவா இது! மரங்களின் விஷயம் அதற்கும் பல படி நெருக்கமானது. ஒரே தாய்ப் பிள்ளைகள் மட்டும் நிற்கும் தோப்பில், உடன்பிறந்ததன் மகரந்தமே உடன்பிறந்ததன் பூவில் விழுகிறது. டார்வின் பல வருஷங்கள் தோட்டத்தில் செடிகளை வளர்த்துச் சோதித்து, 1876-இல் இதைப் பற்றித் தனியாக ஒரு பெரிய புத்தகமே எழுதினார். தன் மகரந்தத்தால் தானே காய்த்த செடிகளின் சந்ததி பெரும்பாலும் குட்டையாகவும் வலுவற்றும் இருப்பதையும், அந்நியச் செடியோடு கலந்தவை செழிப்பதையும் அவர் காட்டினார். நெருங்கிய உறவுக் கலப்பில், மறைந்திருக்கும் குறைகள் இரு பக்கத்திலிருந்தும் ஒன்று சேர்ந்து வெளிப்படுகின்றன. பூ நிறையப் பூக்கும், காய் நிற்காது. காய் நின்றாலும் விதை முளைக்காது. முளைத்தாலும் ஒரு கோடையைத் தாங்காது.

ஒற்றை மரத்தின் நிலை இன்னும் பரிதாபமானது. வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் நடுவே, கோயில் மதிலோரம் ஒரு கடம்போ இலுப்பையோ நிற்கிறது. வயது நூறு இருக்கும், இலை பச்சென்றிருக்கும். சுற்று வட்டாரத்தில் அதன் இனம் வேறில்லை. அதன் பூவுக்குத் துணை எட்டாத தூரம். அதன் பழத்தைக் கொண்டு போகும் பறவைக்கு இறங்க இடமில்லை. விழுந்த விதை சிமெண்டுத் தரையில் காய்கிறது. உயிரோடு நின்றாலும் வம்சம் முடிந்துவிட்ட இத்தகைய மரங்களைச் செத்தவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று ஜான்சன் சொன்னார். தமிழில் இதற்கு நடைப்பிணம் என்ற சொல் இருக்கிறது. நடக்காத மரத்துக்கு அதுவும் பொருந்தவில்லை.

மதுரவாயலில் ஓர் அம்மையார்

இந்த விஷயங்களைப் பேசும்போது, நம் மேற்குப் புறநகருக்கே உரிய ஒருவரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. ஜானகி அம்மாள் 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். செடிகளின் குரோமோசோம்களை, அதாவது மரபணுக்களைச் சுமக்கும் நுண்ணிய இழைகளை, எண்ணிக் கணக்கிடுவதில் உலகம் மதித்த நிபுணர். கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். டார்லிங்டன் என்ற ஆங்கில விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-இல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். பிறகு நாடு திரும்பி, 1970 முதல் சென்னையில் தங்கி, மதுரவாயலிலிருந்த பல்கலைக்கழகத் தாவர ஆராய்ச்சிக் கூடத்தில் 1984-இல் மறையும் வரையில் உழைத்தார். அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்க முதுமையிலும் குரல் கொடுத்தவர் அவர். பூவிருந்தவல்லிச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? செடிக்குள் ஒரு வம்ச சரித்திரம் எழுதியிருக்கிறது என்று உலகுக்குப் படித்துக் காட்டிய கைகள் நம் பக்கத்தில் வேலை செய்தன என்பதை நம் பிள்ளைகளுக்காவது சொல்லி வைக்க வேண்டும்.

கை செய்ய வேண்டிய வேலை

இன்று அம்பத்தூரில் 1964-இல் எழுந்த தொழிற்பேட்டை இருக்கிறது. ஊரும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. கிடை போட வயல் இல்லை. வௌவாலுக்குப் பனை குறைந்துவிட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசி மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. போன மரங்களுக்கு ஈடு செய்யும் ஊக்கம் எங்கும் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 33 பங்கு பரப்பை மரமும் காடும் மூட வேண்டும் என்ற நோக்கத்தோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கிற்று. பள்ளிக்கூடங்கள், கோயில்கள், குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் கன்று நடுகின்றன. மிகவும் நல்ல காரியம். குருவியும் ஆடும் செய்த வேலை இப்போது நாற்றங்கால்காரரின் கைக்கு வந்திருக்கிறது என்பதுதான் இதன் உட்பொருள்.

ஒரு நாற்றுப்பண்ணைக்காரரிடம் விதை எங்கே எடுக்கிறீர்கள் என்று விசாரித்தோம். "ஸார், ஒரு கோயில் மரம் இருக்கிறது. என்ன காய்ப்பு! நோய் நொடி கிடையாது. அந்த ஒரு மரத்துப் பழமே எனக்கு வருஷம் முழுவதும் போதும். கண்ட மரத்து விதையை எடுத்துக் கன்று சோடையாகிவிட்டால் என்னைத்தானே கேட்பார்கள்?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி மிகவும் சரி. நல்ல தாயைத் தேர்ந்தெடுப்பது உழவர் பரம்பரை அறிந்த ஞானம். நோய் கொண்ட மரத்தில் எவரும் விதை எடுக்கலாகாது. மறு பாதிதான் கவலை தருகிறது. அந்த ஒரு தாயின் பிள்ளைகளே ஒரு பேட்டை முழுவதும் நிழல் தந்தால், நிழலுக்குக் குறைவிராது. நாம் இருக்கும் வரையில் ஒரு குறையும் தெரியாது. அவை பூத்துக் காய்த்துத் தம் விதையை விடும் நாளில்தான் தெரியவரும். அப்போது கேட்க அவரும் இரார், நாமும் இரோம். கலிபோர்னிய மரங்கொத்தி தன் களஞ்சியத்துக்குள் செய்ததையே நாம் ஒரு நகரம் முழுவதற்கும் செய்தவர்களாவோம்.

காட்டிலாகா நிபுணர்கள் விதை சேகரிப்பதற்குச் சொல்லும் விதி எளியது. நல்ல மரங்களாகவே பார்த்து, ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளியிருக்கும்படி இருபத்தைந்து முப்பது தாய்மரங்களிலிருந்து விதை எடுத்து, சரியாகப் பங்கிட்டுக் கலந்து விதைக்க வேண்டும். தூரம் ஏன் என்றால், பக்கத்தில் நிற்பவை பெரும்பாலும் உடன்பிறந்தவை. ஒரு பள்ளிக்கூடத்தால் முப்பது மரங்களுக்கு ஏறி இறங்க முடியாது என்பது உண்மையே. ஆனால் பிள்ளைகள் முப்பது தெருக்களிலிருந்து வருகிறார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி, தத்தம் தெருவிலுள்ள திடமான மரத்தின் கீழிருந்து கொண்டு வந்தால் காரியம் முடிந்தது. அம்பத்தூர்ப் பையன் ஆவடிப் பையனோடும், பூவிருந்தவல்லிப் பெண் திருவேற்காட்டுப் பெண்ணோடும் விதையை மாற்றிக்கொண்டால், வௌவாலும் கிடையும் செய்து வந்த வேலையில் பாதியாவது நடக்கும். மீதிப் பாதியை அவையே செய்யட்டும் என்று, காய்ந்த ஓலையோடு நிற்கும் ஒரு பனையை, பழம் தரும் ஒரு நாவலை, கொல்லையில் முளைத்த ஒரு களாப் புதரை வெட்டாமல் விட்டு வைப்பதும் நம் கடமை.

ஒரு சின்ன எச்சரிக்கை. வேப்பங்கொட்டை வெகு நாள் காத்திராது. சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி குறையத் தொடங்கும். டப்பாவில் போட்டுத் தீபாவளிக்கு விதைக்கலாம் என்று வைத்தால் ஏமாற்றந்தான். பழம் விழத் தொடங்கியதும் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, இரண்டொரு வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். எந்தத் தெருவில் எந்த மரத்தடியில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டியோரம் சொருகி வைக்கவும் மறக்க வேண்டாம். பின்னால் கன்றை நடும்போது, ஒரே சீட்டுள்ள இரண்டு கன்றுகளை அடுத்தடுத்து வைக்காமல் இருக்க அது உதவும்.